நாலு குமிழிகள்

“யாரு அவன்? பேரை மட்டும் சொல்லு. மீதியை நான் பாத்துக்கறேன்.”

அப்பாவின் கை மவுஸின் மேல் வழுக்கியது. கிடங்கில் அறுபது ஆட்களை ஒரு சொடக்கில் நிறுத்துகிற கை அது. இன்றைக்கு மகளின் மவுஸை ஒழுங்காகப் பிடிக்க முடியவில்லை.

“யாரும் இல்லப்பா. இது வெறும் கேம். காலேஜ் ப்ராஜெக்ட். எட்டு மணிக்குள்ள அனுப்பலைன்னா ஒரு வருஷம் போச்சு.” மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு அஞ்சு.

மூன்று மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டு பெண் என்னதான் செய்கிறாள் என்று பார்த்துவிடத்தான் அரை மணி முன்னால் உட்கார்ந்தார். முதலில் வேடிக்கையாகவே இருந்தது.

ஒரு சின்னப் பெண்ணின் மனசுக்குள் நடக்கிற விளையாட்டு. மறதி ஒரு குண்டுப் பூனை. முரசின் மேல் படுத்துத் தூங்கும், தாளம் தட்டினால்தான் நகரும். வெட்கம் ஒரு சிவப்புக் குடை. சரியான சுரம் கொடுத்தால்தான் விரியும். எல்லாம் சேர்ந்து பாட, நடுவில் ஒரு பெண் குரல்.

“குரல் நல்லா இருக்கே. யாரோடது?”

“என்னோடதுதான்.”

“நீ பாடுவியா?”

மகள் ஒலியைக் கொஞ்சம் குறைத்தாள்.

விளையாட்டின் ஐந்தாவது அறையில்தான் வேடிக்கை நின்றது.

“வருது! வருது!” என்று குடை கத்தியது. பாட்டு பாதியில் அறுந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பூனை முரசுக்கு அடியில் பதுங்கியது. சின்னப் பெண் மூச்சை அடக்கிக்கொண்டு மூலையில் ஒடுங்கினாள்.

எது வருகிறது என்று காட்டவே இல்லை. அதுதான் பயங்கரம்.

எதிரே பூட்டிய கதவு ஒன்று, அதன்மேல் நாலு குமிழிகள். தொட்டால் ஒவ்வொன்றும் ஓர் ஓசை எழுப்பும். ஒன்றில் கலகலவென்று மணி கொட்டும். ஒன்றில் கிறீச்சென்று வயலின் இழுபடும். ஒன்றில் கரகரத்த கொம்பு இரண்டு முறை ஊதும். ஒன்றில் மேளம் உறுமிக்கொண்டே வந்து அடங்கும். அந்த நாலும் எந்த வரிசையில் வரும் என்று தெரிந்தவர்கள் மட்டும் கதவைத் திறந்து ஒளிந்துகொள்ளலாம்.

அப்பா மணியை முதலில் தொட்டார். திரை கும்மிருட்டானது. நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அடுத்து கொம்பு. மறுபடி இருட்டு. மூன்றாவது முறை தோற்றபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

இவ்வளவு பயம் ஒரு பெண்ணின் மனசில் தானாகவா முளைக்கும்? யாரோ போட்ட விதைதான்.

“காலேஜ்ல யாராவது மிரட்டறாங்களா? பஸ்ல எவனாவது பின்னாடியே வர்றானா?”

“இல்லப்பா.”

“அப்ப இது யாரு? சும்மா கற்பனைன்னு எனக்குக் காது குத்தாதே!”

ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி அம்மா வந்தாள். “என்னங்க, என்ன ஆச்சு?”

“நீயே வந்து பாரு. மனுஷன் திறக்கற கதவா இது?”

அம்மா நாலு குமிழிகளையும் ஒரே ஒரு முறை கேட்டாள். பிறகு யோசிக்கவே இல்லை. உறுமல். கிறீச். கொம்பு. மணி.

கதவு திறந்துகொண்டது.

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “டிவி ரிமோட்டுக்கே என்னைக் கூப்பிடுவியே! உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“ஏதோ… குருட்டாம்போக்குல.”

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

“ஓகோ! அம்மாவுக்கும் பொண்ணுக்கும் நல்லாத் தெரிஞ்ச ஆளு. என்கிட்ட மட்டும் மறைக்கறீங்க. என் பொண்ணைப் பயமுறுத்தறவனை நான் விட்டுடுவேனா?”

“வேண்டாங்க. அவ அனுப்பட்டும், நேரமாகுது.”

“உங்க துறைத் தலைவரையே போய்க் கேக்கறேன். நான் திரும்பி வர்ற வரைக்கும் இது எங்கேயும் போகக் கூடாது!”

நெட் பெட்டியின் வயரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தார்.

தெருமுனை வரை அந்த மூலையில் ஒடுங்கிய சின்னப் பெண்தான் கண்ணுக்குள் இருந்தாள். எவனோ ஒருவன் தன் குழந்தையை இப்படி ஆக்கி வைத்திருக்கிறான். தனக்குத் தெரியாமல் போயிற்றே!

அப்புறம்தான் உறைத்தது: துறைத் தலைவர் வீடு எங்கே என்று கேட்கவே இல்லை. திரும்பினார்.

நாலு வீடு தள்ளி ஒரு கார் வழியை அடைத்துக்கொண்டு பின்வாங்கிக்கொண்டிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்து நின்றார்.

அப்போதுதான் கேட்டது. பாட்டு. அவர் வீட்டு ஜன்னலிலிருந்து. நெட் இல்லாமல் போயும் மகள் வாய்விட்டுப் பாடினாள். மனைவி ஏதோ சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை.

கார் விலகியது. பைக்கைக் கிளப்பினார். அது உறுமிக்கொண்டே வந்து வாசலில் அடங்கியது.

பாட்டு பாதியில் அறுந்தது.

இரும்புக் கேட்டைத் தள்ளினார். கிறீச்.

ஜன்னலில் விளக்கு அணைந்தது.

அப்பா படியிலேயே நின்றுவிட்டார். சட்டைப்பையில் வயர் குத்தியது. கையில் கிடங்குச் சாவிக்கொத்து. தினமும் உள்ளே நுழைந்ததும் மேசைமேல் விட்டெறிகிற கொத்து. ஒரு சாவியும் இன்னொன்றின் மேல் பட்டுவிடாமல் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே, கதவுக்கு அந்தப் பக்கம், இரண்டு பேர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

வழக்கம்போல இரண்டு முறை கனைக்க வாயெடுத்தார். மூன்றாவது குமிழி அவர் தொண்டையிலேயே நின்றுவிட்டது.