மூன்றே துளைகள்

"சார், மூணே மூணு துளை. பெரிசா கிழிக்கிறதே கிடையாது. இதுக்குப் போய் இப்படி நடுங்கினா எப்படி?"

வீடு மாறுகிறவர்களுக்குப் பீரோவும் கட்டிலும் தூக்கிக் கொடுப்பது இப்படிச் சொன்னவரின் தொழில். நாலு மாடி ஏறியும் வலிக்காத உடம்பு. இதைச் சொல்லிச் சொல்லி வாய்தான் வலித்தது.

ஆபரேஷன் தியேட்டரை ஒட்டிய அறையில் பச்சை உடையும் தலைக்குல்லாயுமாக இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே இருந்த கண்ணாடிக்காரருக்கு, கார் கதவைக்கூட அடுத்தவர் திறந்துவிட வேண்டும் என்கிற தோரணை. இப்போது நெற்றியெல்லாம் வியர்வை.

"இன்னொரு நாள் வச்சுக்கலாமே?"

"ஏழு மணிக்கு வயித்தைக் கலக்குதுன்னீங்க. எட்டு மணிக்குத் தலை சுத்துதுன்னீங்க. இப்போ ஒன்பதரை! முதலாளி எனக்குக் குடுத்த லீவு இங்கேயே கரையுது. தள்ளிப்போட்டுக் குடல் மாட்டிக்கிச்சுன்னா உயிருக்கே ஆபத்து, தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறமென்ன? ஒரு துளையில கேமரா, மத்த ரெண்டுல கருவி. பிதுங்கினதை உள்ள தள்ளி, ஓட்டை மேல வலையை வச்சுப் பொருத்தணும். டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுற மாதிரி!"

"வலை நகர்ந்துட்டா?"

"ஏன் சார் நகருது?"

"கேமரா மங்கிட்டா?"

"துடைச்சாப் போச்சு!"

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அத்தனை பேர் பார்ப்பாங்களேப்பா..."

"பார்த்தா என்ன? வயிறுதானே, எல்லாருக்கும் இருக்கிறதுதான்!"

கதவு லேசாகத் திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, நீங்க சொல்லியுமா கேக்கல?"

பொறுமை போயே போய்விட்டது. அவர் எழுந்து கண்ணாடிக்காரரின் அக்குளில் கைகொடுத்தார். "பேசிப் பிரயோஜனமில்லம்மா. இவரென்ன, ஒரு பீரோ கனம் இருப்பாரா? தோள்ல போட்டு உள்ள கொண்டாந்துடறேன்."

"ஐயோ, விடுங்கண்ணே!" நர்ஸ் பாய்ந்து வந்து தடுத்தாள். "குடலிறக்கம் உங்களுக்கு! ஒரு வாளித் தண்ணிகூடத் தூக்கக் கூடாது, போய் மேஜையில படுங்க. டாக்டர், நீங்களும் எழுந்திரிங்க. நீங்க ஆபரேஷன் பண்றதைத் திரையில பார்க்க, மாநாட்டு மண்டபத்துல முந்நூறு டாக்டருங்க காலையிலேர்ந்து காத்துக்கிட்டிருக்காங்க!"