ஈரப் போர்வை

தேவாரம் ஊரில் வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில் தொலைநோக்கி உண்டு. எங்கோ ஒரு விண்மீன் வெடித்துக் காமாக் கதிர் சீறினால், தொலைநோக்கி தானே அந்தப் பக்கம் திரும்பி, மங்கிவரும் பின்னொளியைப் படமெடுத்து வான்மையத்துக்கு அனுப்பும். அதை மூடாமல் வைத்திருப்பது மட்டுமே வீட்டார் வேலை.

அந்திசாய்ந்ததும் வான்மையத்திலிருந்து தமயந்தி அழைத்தாள்.

“செங்கமலக்கா, மத்த ஊர்லயெல்லாம் மழை. உங்க மாடியத்தான் நம்பியிருக்கேன். படமே வரலையே? பதினோரு வருஷமா காத்திருந்த வெடிப்புக்கா!”

செங்கமலம் மாடிக்கு ஓடினாள். மத்தியானம் கொடியில் இடமில்லாமல் தொலைநோக்கிமேல் அவள் விரித்த போர்வை அப்படியே கிடந்தது.

“இங்கயும் மேகந்தாம்மா.”

“அதுக்கு நீங்க என்னக்கா செய்வீங்க? இன்னும் அஞ்சு நிமிஷம் ஒளி இருக்கும். விலகுதான்னு பாப்போம்.”

போர்வையை இழுத்தால், பொட்டு மேகமில்லாத வானத்தோடு அவள் பொய்யும் தமயந்திக்குப் போய்ச் சேரும். செங்கமலம் போர்வை நுனியைப் பிடித்தபடி ஐந்து நிமிடமும் நின்றாள்.