மாதிரி நோட்டு

ஓட்டுநர் நோட்டை என் மேசைமேல் வைத்துவிட்டுக் கைகளை மடியில் கோத்துக்கொண்டார்.

திறந்தேன். மூடினேன்.

"எங்க உக்காந்து எழுதினீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "டிப்போல, சார். காலைல."

மூன்று மாதத்துச் சர்க்கரை அளவுகள். ஒரே பேனா, ஒரே சாய்வு. 110, 120, 115. எல்லாம் ஐந்திலோ பூஜ்யத்திலோ முடிகின்றன. தினமும் விரலைக் குத்திப் பார்க்கிறவரின் நோட்டில் ஓரிடத்திலாவது ரத்தம் பட்டிருக்கும். இதில் ஒரு பொட்டுகூட இல்லை. லேப் ரிப்போர்ட்டோ மூன்று மாதச் சராசரி முந்நூறு என்கிறது.

நான் கையெழுத்துப் போடாவிட்டால் அவரை ஸ்டியரிங் பக்கம் விடமாட்டார்கள்.

ஹார்மோன் கோளாறுகளுக்கும் சர்க்கரை நோய்க்கும் என்று தனியாகப் படித்துவிட்டு இந்த நாற்காலிக்கு வந்து ஆறு வருடம். பொய் நோட்டைப் பிடிப்பதில் எனக்குப் பெயர் உண்டு. நர்ஸ் அக்கா என்னை 'போலீஸ்' என்பார்.

சாப்பிடும்போது மனைவியிடம் இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். அவளும் சிரிப்பாள்.

"வேற எதை வச்சுக் கண்டுபிடிப்பீங்க, டாக்டர் சார்?"

ஒவ்வொன்றாகச் சொல்வேன்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து சர்க்கரை. நாளுக்கு நான்கு ஊசி. மாதக் கடைசியில் தன் நோட்டை என்முன் நீட்டுவாள். நீலம், கறுப்பு, பச்சை என்று மை மாறியிருக்கும். 113, 127, 98. நடுவே ஒரு 181; பக்கத்தில் 'கேக், மன்னிக்கவும்'. ஓரங்களில் ரத்தப் பொட்டு.

உனக்கு லேப் எதற்கு, இந்த நோட்டே போதும் என்பேன்.

நான்கு மாதத்துக்கு முன், பதினொன்றாம் தேதி காலை, அவள் எழுந்திருக்கவில்லை.

ரத்தம் முழுக்கச் சர்க்கரையும் அமிலமும் என்றார்கள். எண்கள் நன்றாகத்தானே இருந்தன, ஏதோ திடீர்த் தொற்றாக இருக்கும், உன் கையில் எதுவும் இல்லை என்றார் என் சீனியர். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். அதை வைத்துக்கொண்டுதான் தினமும் சட்டையை மாட்டுகிறேன்.

இழுப்பறையிலிருந்து அவள் நோட்டை எடுத்தேன். எல்லோருக்கும் இதைத்தான் காட்டுவது.

"நிஜமா குத்திப் பாத்து எழுதினா எப்படி இருக்கும்னு பாருங்க."

நடுப்பக்கத்தைத்தான் திறப்பேன். கடைசிப் பக்கம் அவள் போன மாதத்தினுடையது; அதற்கு நான் போனதில்லை. அங்கே பத்தாம் தேதியோடு எண்கள் நின்றிருக்கும். அதற்குக் கீழே காலிக் கட்டங்கள். அவற்றைப் பார்க்க என்னால் ஆகாது.

ஓட்டுநர் பரீட்சைக்குப் படிக்கிறவர்போல் குனிந்தார். உதடுகள் அசைந்தன.

"பேனாவை மாத்தணும். நம்பர் கோணல்மாணலா வரணும். ஓரத்துல ரத்தம்..." நிமிர்ந்து பல்லைக் காட்டினார். "எல்லாத்தையும் நீங்களே சொல்லிக் குடுத்துட்டீங்களே, சார்!"

வழக்கமாக இந்த இடத்தில் திட்டுவேன். இன்று நோட்டைத் திரும்பக் கேட்டுக் கையை நீட்டினேன்.

அவர் விரலை நாக்கில் தொட்டுப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார். கடைசிப் பக்கத்தில் நின்றார்.

"யார் சார் இவங்க? முப்பதாந்தேதி ராத்திரி வரைக்கும் ஒரு வேளை விடலையே!"

நோட்டை வாங்கினேன்.

ஒரு கட்டமும் காலியாக இல்லை.

முப்பது. இரவு. 118. பச்சை மை.

பக்கத்தில் காய்ந்த ரத்தம், ஒரு பொட்டு.