பஞ்சில் வந்த ஈரம்

கணவர் சாவதற்குச் சில மாதங்களுக்கு முன் அதன் சாஃப்ட்வேரைத் தானே மாற்ற, ரூட் செய்யப் போய், பாதியில் விட்ட போன் அது. ஆன் செய்தால் கம்பெனி லோகோ வரும், அணையும், மறுபடி வரும். அவருடைய குரல் பதிவு அதற்குள்தான் இருந்தது. எட்டு மாதம் பீரோவில் கிடந்ததை அவள் செல்போன் ரிப்பேர் கடைக்கு எடுத்து வந்தாள்.

கேபிளில் செருகியும் கடைக் கம்ப்யூட்டர் போனை அடையாளம் காணவில்லை. மெக்கானிக் கேபிளை மாற்றினான், கம்ப்யூட்டரில் டிரைவர் சாஃப்ட்வேரை மறுபடி ஏற்றினான். பிறகு சார்ஜர் செருகும் துளைக்குள் பஞ்சு சுற்றிய குச்சியை விட்டான். அது மஞ்சளாக, கொழகொழவென்று வெளியே வந்தது.

"தண்ணியில போட்டீங்களாக்கா?"

"பீரோவுலதான் தம்பி இருந்துச்சு."

"என்ன நாத்தம்க்கா இது! பல்லு விளக்காத வாய் மாதிரி."

அவள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். அவர் படுக்கையில் கிடந்த கடைசி ஆறு வாரமும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் கணவரின் வாயைத் துடைத்துவிட்டிருந்தாள்.

ஏழாவது குச்சிக்குப் பிறகு கம்ப்யூட்டர் போனைக் கண்டுகொண்டது. போனைத் தொடங்கவைக்கும், அந்த மாடலுக்குரிய பூட் ஃபைலை ஏற்றியதும் போன் முழுதாக விழித்துக்கொண்டது. பதிவு ஒன்றே ஒன்று இருந்தது, போன வருடத் தேதியில்.

"ஸ்பீக்கர் போயிடுச்சுக்கா. காதுல வச்சுத்தான் கேக்கணும்."

கையைச் சட்டையில் தேய்த்தபடி போனை நீட்டினான். அதன் திரைக் கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. குச்சியால் துடைத்த துளையில் மறுபடி ஈரம் கசிந்தது. இந்தக் குரலுக்காகத்தானே வந்தாள். கன்னத்தில் படாமல் ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்துக் கேட்டாள்.

"தள்ளிப் பிடிக்காத. கிட்ட வச்சுக்கோ," என்றார் கணவர்.