வெளிப்பூட்டு

முருகானந்தம் ஜன்னல் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றான். வாசல் கதவு வெளியே பூட்டியிருந்தது. படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தாள் அவன் மனைவி கலைமணி.

பம்பைச் சத்தம் தெருமுனையைத் தாண்டிவிட்டது. மஞ்சள் வேட்டி மடிப்பில் என்னவோ இடுப்பைக் குத்த, அதை ஓரமாக ஒதுக்கிவிட்டுக்கொண்டான்.

மல்லசமுத்திரத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்த வேண்டுதல் அது. இதய வால்வு மாற்றப் போகுமுன், "பிழைச்சு வந்தா மாரியாத்தாளுக்கு அலகு குத்தறேன்" என்று பங்காளிகள் நடுவே அவனே வாய்விட்டுச் சொன்னது. பிழைத்தும் வந்துவிட்டான். ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை தின்ன வேண்டும் என்பது அப்போது அவனுக்கு எங்கே தெரியும்?

பம்பை வாசலில் வந்து நின்றது. பெரியப்பா மகன் சந்திரசேகர் கையில் வேலோடு முன்னால் வந்தார்.

"ஏனம்மிணி, ஆட்டப் பட்டியில அடைக்கற மாதிரி புருஷன அடைச்சு வெச்சிருக்கறே?"

"சவரக் கத்தியவே ஒளிச்சு வெச்சிருக்கறனுங்க மாமா. பல்லு வெளக்கறப்ப ரத்தம் கசிஞ்சாலே நிக்க நேரமாகுது. கன்னத்துல கம்பி ஏத்துனா தாங்குவாரா?"

"ரெண்டு நாளைக்கு மாத்திரைய நிறுத்திப்போடு."

"நிறுத்துனா வால்வுல ரத்தம் கட்டிக்குமுங்க. டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கறாரு."

"டாக்டரு கெடக்கறாரு! ஆத்தா திருநீறு அப்புனா ஒரு சொட்டு வராது. வாக்குக் குடுத்துட்டு மாறுனா சாமி குத்தம், ஆமா!"

"பொண்டாட்டிக்குப் பயந்து பூந்துக்கிட்டான்டா," என்று கூட்டத்தில் எவனோ சிரித்தான்.

முருகானந்தம் ஜன்னலை விட்டுக் கதவுக்கு ஓடினான். உள்ளிருந்து கதவைப் படபடவென்று தட்டினான். "அண்ணா, நான் என்ன பண்ணட்டும்? பாவி, பூட்டிப்போட்டாளே!"

"டேய், ஒரு கடப்பாரை கொண்டாங்கடா!" என்றார் சந்திரசேகர்.

தட்டல் சட்டென்று நின்றது. "ஐயோ, வேண்டாமுங்ணா! பூட்ட ஒடைச்சா அவ ஏதாச்சும் பண்ணிக்குவா. அந்தப் பழி நமக்கெதுக்கு?"

கலைமணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து, கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். கடப்பாரை வந்தது. அவளைத் தொட்டு விலக்கத்தான் யாருக்கும் கை வரவில்லை.

"ராட்சசி! ஆத்தா கேப்பாடி உன்னைய," என்று தரையில் துப்பினார் சந்திரசேகர். "பாவம்டா அவன். சிங்கம் மாதிரி இருந்தவன்."

பம்பை நகர்ந்தது. வீட்டுக்கு வீடு தலை நீட்டி அவளை முறைத்தார்கள். கலைமணி தலை நிமிரவில்லை.

சத்தம் அடுத்த தெருவுக்குள் போய் அடங்கியது. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே மெதுவாக ஒரு கை நீண்டது.

"போயிட்டாங்களா புள்ள? இந்தா, சாவி."