பூனை பாஷை தெரிந்தவர்

ஞானசம்பந்தனுக்குப் பூனை பாஷை தெரியும். தச்சநல்லூரில் அவரிடம் பூனையைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தவர்கள் பஸ்ஸைத் தவறவிட வேண்டியதுதான். அப்படி ஒரு மேதை!

பொங்கல்படி கொடுக்க அம்பாசமுத்திரத்தில் மகள் வீட்டுக்கு வந்தவர், கரும்பையும் பனங்கிழங்கையும் இறக்கி வைத்த கையோடு கேட்டது இதுதான்:

"சம்பந்தியம்மா, செவலை எங்க?"

எலித் தொல்லை என்று சொன்னதற்காகப் போன வருஷம் அவரே கொண்டுவந்து விட்ட பூனை. மகள் சித்ரலேகா நீட்டிய காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"அந்தா, நெல்லுக் குலுக்கைக்குப் பின்னால கெடக்கு. வரவர வெளிய தலையக் காட்ட மாட்டேங்கு" என்றாள் சம்பந்தியம்மா.

மனுசன் வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். குலுக்கையைப் பார்த்துக் கண்ணை மூடி மூடித் திறந்தார்.

"இப்படிப் பைய மூடித் தொறந்தா, 'நான் ஒன்னைய ஒண்ணுஞ் செய்ய மாட்டேன்'னு அதுக்குச் சொல்லுதோம்னு அர்த்தம். பொறுமை வேணும்!"

கொஞ்ச நேரத்தில் செவலை வந்தது. அவர் அதன் விலாவைத் தொட்டதும் வெடுக்கென்று ஒதுங்கியது.

"வாலப் பாத்தியளா, வயித்தோட ஒட்டிக்கிட்டு? தொட்டா சுருளுது. இந்த வீட்ல யாரோ இத ஒதைக்காங்க."

"நல்லாருக்கே! பகல் பூரா இதுகூடக் கெடக்கது ஒங்க மகதான்" என்று சம்பந்தியம்மா பட்டென்று எழுந்து போனாள்.

"ஏட்டி, நீயா?"

"இல்லப்பா."

"பின்ன, அதுக்குத் தானா வலிக்குதாக்கும்? நம்ம வீட்டுப் பிள்ளை செய்யுத காரியமா இது? சீ!"

சித்ரலேகா கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.

"அப்பா, அம்மா என்னையக் கூட்டிட்டு வரச் சொன்னாளா?"

"சொன்னா, சொன்னா. அவளுக்கென்ன, சொல்லுவா. பொங்கலும் அதுவுமா ஒனக்கு இங்கன ஆயிரம் சோலி கெடக்கும்."

"இல்லப்பா, வந்துருதேன். துணியெல்லாம் எடுத்து வச்சிட்டேன்."

"பொறுட்டி. மொதல்ல இத என்னன்னு பாப்போம்."

அப்போது வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை குமரவேல் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார்.

செவலையின் காது இரண்டும் மண்டையோடு படிந்தன. வயிறு தரையில் உரச ஊர்ந்து, குலுக்கைக்குப் பின்னால் போய் மறைந்தது.

சித்ரலேகாவும் அடுப்படிக் கதவோரம் ஒதுங்கி, முந்தானையை இழுத்து இரண்டு கையையும் மூடிக்கொண்டாள். புருசன் மேல் என்ன மரியாதை என்று தகப்பனுக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் பூனை விஷயத்தில் அவர் ஏமாறுவாரா? ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். ரத்தம் கொதித்தது. கொதித்து என்ன செய்ய? மாப்பிள்ளை உள்ளே வந்ததும் எழுந்து நின்று, "வாங்க மாப்ளே!" என்று பல்லைக் காட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவியல் அருமை என்றார்.

மாப்பிள்ளை படுக்கப் போன பிறகுதான் மனுசனுக்கு வீரம் வந்தது. அடுப்படிக்குள் வந்து மகள் காதோரம் குசுகுசுத்தார். கண் கலங்கியிருந்தது.

"ஏட்டி, ஒன்னையப் போயி சந்தேகப்பட்டேனே! ஒதைக்கது மாப்ளதான். எல்லாம் புரிஞ்சு போச்சு."

"இப்பமாவது புரிஞ்சுதேப்பா!"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓடிப்போய்த் துணிப்பையை எடுத்துவந்தாள்.

அதற்குள் அவர் தெருவில் இறங்கியிருந்தார். கையில் ஓலைக்கூடை. மேலே அவர் துண்டு. துண்டுக்கு அடியில் செவலை.

"நீ எங்கட்டி பையத் தூக்கிட்டு வாரே?"

"அப்பா..."

"ஆம்பளைன்னா கைகால நீட்டத்தான் செய்வான். நீ அனுசரிச்சுப் போ. ஒன்னையக் கூட்டிட்டுப் போனா நாலு பேரு என்ன பேசுவான்? இது பாவம், வாயில்லா சீவன். வலிக்குன்னு இதுக்குச் சொல்லத் தெரியுமா? நாமதான் பாத்துப் புரிஞ்சுக்கிடணும்."

சித்ரலேகா பையைக் கீழே வைத்தாள்.

"எனக்குச் சொல்லத் தெரிஞ்சுதேப்பா. தீவாளி கழிச்சு எஸ்.டி.டி. பூத்துல நின்னு அழுதுக்கிட்டே சொன்னேன். 'பில்லு ஏறுது, போன வையி'ன்னு சொன்னது நீங்கதான?"