அடிக்குரல்

லண்டன் வெம்பிளியில், ஒத்திகை மண்டபத்தில் இருப்பவர்கள்: இளங்கோவன், குணசுந்தரி, ரதி, அடிக்குரல் பாடும் முனியாண்டி; மூலையில் தேநீரோடு செல்வரத்தினம், விருந்தாளி என்று சொல்லப்பட்டவர். கோலாலம்பூரில் தொடங்கிய இந்த ரிதம் அண்ட் புளூஸ் குழு, கால் நூற்றாண்டாக முனியாண்டி சுரம் பிடித்த பிறகுதான் வாய் திறக்கும். இன்று அவர் தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வருகிறது. ஆனால் அந்தச் சுரம் மூலையிலிருந்து கேட்கிறது. மற்ற மூவரும் தடுமாறாமல் அதனோடு சேர்ந்துகொள்கிறார்கள். தொண்ணூற்றிரண்டின் நவம்பர் வெயில் மைக் கம்பியில் சாய்கிறது. "மைக்கையும் உங்க உயரத்துக்கு இறக்கியாச்சு. எத்தனை வாரமா நடக்குது?" என்கிறார் முனியாண்டி, செல்வரத்தினத்திடம். ரதி தன் காலணியைப் பார்க்கிறாள். "கோவியாதேங்கோ அண்ணை," என்கிறார் செல்வரத்தினம். "கோவமா? நல்லாத்தான் பாடுறீங்க லா." முனியாண்டி மண்டபச் சாவியைப் பியானோமேல் வைக்கிறார். ஒத்திகையின்போது கதவு பூட்டியிருக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அவர் வெளிப்படியில் கால்வைத்ததும், பின்னால் கதவு சாத்தப்பட்டுப் பூட்டில் சாவி திரும்புகிறது.